பிக்கப்பை மாற்றுவதா, கிட்டாரையே மாற்றுவதா?

களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரிடம் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவத்தில் செய்த மலிவு விலைக் கிட்டார் ஒன்றும், எட்டங்குல ஸ்பீக்கர் கொண்ட 20 வாட் ஆம்ப் ஒன்றும், ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கிறார். திருவிழாக் காலத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கானமேளா என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரிகளுக்கும் போகிறார். வீட்டில் கனமாகக் கேட்கும் ஒலி, மேடையில் மெலிந்து கீபோர்டுக்குப் பின்னால் காணாமல் போய்விடுகிறது. நண்பர் ஒருவரின் லெஸ் பால் வகைக் கிட்டாரை (கிப்சன் நிறுவனத்தின் மாதிரி)க் கேட்ட நாளிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை. இருக்கும் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் வெளிநாட்டுப் பிக்கப்புகளை 18,000 ரூபாய்க்குப் போடுவதா, மாதத் தவணையில் லெஸ் பால் வகைக் கிட்டாரையே வாங்கிவிடுவதா என்பது முதல் கேள்வி. மஹாகனி மரத்தால்தான் அந்த ஒலி வருகிறது என்று நண்பர்களில் பாதிப்பேரும், எலக்ட்ரிக் கிட்டாருக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று மீதிப்பேரும் சண்டையிடுகிறார்களே, யார் சொல்வது சரி என்பது இரண்டாவது கேள்வி.

மார்த்தாண்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார் வாசித்தும், பழுது பார்த்தும் வருகிறவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி, இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் குறை பிக்கப்பில் தொடங்கவில்லை. ஸ்பீக்கரிலும், அந்த ஸ்பீக்கரை நீங்கள் எங்கே எந்த அளவு ஒலியில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பதிலும் இருக்கிறது. காரணங்களைச் சொல்வதற்கு முன் மரச் சண்டையை ஒரு வழி பண்ணிவிடலாம்.

நம் பக்கத்தில் மரத்தின்மீது இவ்வளவு நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை. வீணையின் குடத்தைப் பலாவில் குடைகிறார்கள். மிருதங்கத்தின் கட்டையும் பலாதான். வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்குப் போகிறது, பலகை காற்றை அசைக்கிறது, அந்தக் காற்றே நம் காதுக்கு வருகிறது; ஆகவே மரம் மாறினால் நாதம் மாறுவது இயல்பு. எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்போ காற்றைக் கேட்பதே இல்லை. காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவே ஆன செம்புக் கம்பியை ஸ்ட்ராட் வகையில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே உலோகக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அதே கிட்டாரில் நைலான் கம்பியைக் கட்டி மீட்டிப் பாருங்கள்: மரம் அப்படியே அதிரும், ஆம்பில் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது.

இதை நானே ஒருமுறை சோதித்தேன். பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பலா உத்திரத்தை ஓர் ஆசாரியிடம் கொடுத்து, என் பழைய ஸ்ட்ராட் வகைக் கிட்டாரின் உடலை அதே அளவில் வெட்டித் தரச் சொன்னேன். நெக், பிக்கப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிப் புது உடலில் பொருத்தி, அதே ரகக் கம்பிகளைப் புதிதாகக் கட்டி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பாட்டை ஒரே ஆம்பில் பதிவு செய்துகொண்டேன். ஆம்பில் இணைக்காமல் மடியில் வைத்து மீட்டியபோது அது நிச்சயமாக வேறு கிட்டார். விலா எலும்பில் அதன் அதிர்வு வேறு மாதிரி இறங்கியது. பதிவுகளைக் கேட்ட பாடகர் குழுவினர் மூவரில் ஒருவராலும் எது பலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எடை மட்டும் ஒரு கிலோ கூடியிருந்தது. அதற்கு என் இடது தோள் சாட்சி. மூன்று பேர் என்பது ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் லெஸ் பால் என்ற பெயருக்கு உரியவரே 1940 வாக்கில் நான்கங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றில் நெக்கையும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்தவர்தான். கட்டையைக் கிட்டாராகப் பார்க்க மக்களுக்கு மனம் வரவில்லை என்பதால், சாதாரணக் கிட்டார் ஒன்றை நீளவாக்கில் அறுத்து இருபுறமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டார்.

மரத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கம்பியின் இரு முனைகளையும் எது தாங்குகிறதோ அது கம்பியின் ஆற்றலில் கொஞ்சத்தை உறிஞ்சும். சில கிட்டார்களில் நெக்கின் ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஸ்வரம் நீளாமல் சீக்கிரம் செத்துப்போவதற்கு நெக்கின் அதிர்வே காரணம். அந்தச் சிறிய வேறுபாடு, நீங்கள் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்த கணத்தில் இன்னும் சிறியதாகிவிடுகிறது. உங்கள் நண்பர்களில் இரண்டாவது கட்சிக்கே என் ஓட்டு, முழு மனதோடு இல்லாவிட்டாலும்.

அப்படியானால் அந்த லெஸ் பால் வகைக் கிட்டாரில் நீங்கள் கேட்ட கனம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பிலிருந்து வந்தது. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்தப் பிக்கப்பின் நோக்கம் கனமான ஒலி அன்று, மின் இரைச்சலை ஒழிப்பது. எதிரெதிராக இணைத்த இரண்டு சுருள்களில் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது. இரண்டு சுருள்கள் சேர்வதால் பிக்கப்பின் இன்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைத் தடுக்கும் குணம்) ஏறுகிறது: ஸ்ட்ராட் வகையில் இரண்டு, இரண்டரை ஹென்றி என்றால் ஹம்பக்கரில் நான்கு, நாலரை ஹென்றி. இந்த இன்டக்டன்ஸும் உங்கள் கேபிளின் கெபாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் குணம்) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணை மட்டும் தூக்கி நிறுத்தும். அதற்கு மேலே உள்ளவை வேகமாகச் சரிந்துவிடும். கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், பிக்கப்பின் சொந்தக் கெபாசிட்டன்ஸுக்கு இன்னொரு 100 என்று வைத்துக்கொண்டு ஆறு மீட்டர் கேபிளுக்குக் கணக்கிட்டால், ஸ்ட்ராட் பிக்கப்பில் அந்தச் சிகரம் 3,800 ஹெர்ட்ஸ் அருகிலும், ஹம்பக்கரில் 2,800 ஹெர்ட்ஸ் அருகிலும் நிற்கிறது. ‘பளிச்’, ‘கனம்’ என்று நாம் பெயர் வைத்திருப்பதன் பெரும்பகுதி இந்த ஆயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளிதான்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஸ்ட்ராட் பிக்கப்பை மூன்று மீட்டர் கேபிளில் மாட்டினால் சிகரம் 5,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஒன்பது மீட்டர் கேபிளில் மாட்டினால் 3,200 அளவுக்கு இறங்கிவிடும். நீளமான கேபிள் ஒன்றை இரவல் வாங்கினாலே உங்கள் கிட்டார் லெஸ் பால் திசையில் சில அடிகள் நடந்துவிடும். நடுவில் பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டி அனுப்பும் சுற்று) உள்ள பெடல் இருந்தால், கிட்டாரிலிருந்து அந்தப் பெடல் வரையிலான கேபிள் மட்டுமே கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். கம்பியின் நீளமும் ஒரு காரணம்: ஃபெண்டர் வகையில் 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் 628. குட்டையான கம்பியில் இழுவிசை குறைவு என்பதால் விரலுக்கு இளகிக் கொடுக்கும். இழுத்து வாசிக்கும் கமகங்கள் சுலபமாக வரும். அது விரலுக்குத் தெரியும் வேறுபாடு, அதை நான் மதிக்கிறேன்.

ஆகவே ஒற்றைச் சுருள் கொண்ட ஒரு சிங்கிள் காயில் பிக்கப்பைக் கழற்றிவிட்டு விலை கூடிய இன்னொரு சிங்கிள் காயிலை 18,000 ரூபாய்க்குப் போடுவதில் கிடைக்கப் போவது மிகச் சிறிய மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம் பிக்கப்பின் இருபுறமும் உள்ள இரண்டு திருகுகளில் இருக்கிறது. கடைசிப் பிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்பின் காந்த முனைக்கும் கம்பியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் இரண்டு மில்லிமீட்டரும், மெல்லிய கம்பிப் பக்கம் 1.6 மில்லிமீட்டரும் தொடங்குவதற்கு நல்ல அளவு. என்னிடம் வரும் மலிவுக் கிட்டார்களில் பாதிக்கு மேல், ஒலி கூடுமென்று பிக்கப்பைக் கம்பியை முட்டும் அளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுப்பதால் ஸ்வரம் தடுமாறும், நீளமும் குறையும். திருகைச் சுற்ற ஒரு திருப்புளியும் பத்து நிமிடமும் போதும்.

இப்போது ஸ்பீக்கருக்கு வருகிறேன். முழு வழியிலும் ஒலியை மிக அதிகமாக மாற்றுவது இதுவே, ஆனால் சண்டை போடுபவர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கிட்டார் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போல எல்லாவற்றையும் ஒழுங்காகத் தருவதில்லை. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஆலயத்தின் சவுண்டு மிக்சரில் செருகினால் தகரத்தைக் கீறுவது போல் கேட்பதும், அதே பெடல் பன்னிரண்டங்குல கிட்டார் ஸ்பீக்கர் வழியாக வந்தால் கனிந்து கேட்பதும் இதனால்தான். உங்கள் எட்டங்குல ஸ்பீக்கர் ஒரு சிறிய பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டு அறையில் சுவர்கள் அதற்கு உதவுகின்றன. திறந்த மைதானத்து மேடையில் உதவ யாரும் இல்லை.

சென்ற ஆண்டு குழித்துறைப் பக்கம் ஒரு குருசடித் திருவிழாவில் பார்த்ததைச் சொல்கிறேன். வாசித்த பையன் தன் ஆம்பை மேடைத் தரையில், காலுக்குப் பின்னால் வைத்திருந்தான். ஸ்பீக்கரின் உயர் ஒலி டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் மட்டும் போகும். அது அவன் கெண்டைக்காலைக் கடந்து முன்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தடி உயரத்தில் இருந்த அவன் காதுக்கு ஒலி மங்கலாகத் தெரிந்ததால் ட்ரெபிளை முழுவதும் திருகி வைத்திருந்தான். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, ஆம்பை அதன்மேல் ஏற்றி, பின்பக்கம் சற்றுச் சாயும்படி முன்னங்கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டு வைத்துக் கொடுத்தேன். ஒரு நாண் மீட்டிவிட்டுத் திடுக்கிட்டு ட்ரெபிளை அவனே பாதிக்குக் கீழே இறக்கினான். இரண்டாம் பாதியில் ‘புது ஆம்பா?’ என்று கீபோர்டுக்காரர் கேட்டார்.

வீட்டில் நன்றாக இருந்து மேடையில் காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. ஒலி தாழ்ந்திருக்கும்போது மனிதக் காது அடிக்கட்டை ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே கேட்கும். ஒலி கூடக்கூட அவை நிமிர்ந்து எழும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதைத்தான் சொல்கின்றன. வீட்டில் அம்மா திட்டாத அளவில் வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி நடுப்பகுதியைக் குறைத்தால் பிரமாதமாக இருக்கும். அதே அமைப்போடு மேடைக்குப் போனால், உங்கள் பேஸ் ஒலி பேஸ் கிட்டாருக்கும் டிரம்முக்கும் அடியில் புதைகிறது, ட்ரெபிள் சிம்பலோடு கரைகிறது. கிட்டாருக்குச் சொந்தமான நடுப்பகுதியையோ நீங்களே வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கீபோர்டு அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விற்றுக்கொண்டிருப்பதன் ரகசியமும் இதுவே. அடி ஒலியை வெட்டி, உச்சியை மழுக்கி, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியை அது முன்னுக்குத் தள்ளுகிறது. தனியாகக் கேட்டால் மூக்கடைத்தது போல் இருக்கும். குழுவோடு கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் தெரியும். உங்கள் ஆம்பில் மிடில் என்று எழுதிய குமிழ் இருக்கிறது, அதைத் திருப்புவதற்குக் காசு வேண்டாம்.

இதே அறியாமைக்கு நான் கட்டிய விலையையும் சொல்லியாக வேண்டும். குவைத்திலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி வைத்து, அந்நாளில் என் இரண்டு மாத வருமானத்தை விழுங்கிய பிக்கப்புகளை வரவழைத்தேன். சால்டரிங் செய்து மாட்டி, முதல் நாண் மீட்டியபோது கண்ணில் நீர் வராத குறை. மூன்று வாரம் எல்லாரிடமும் அதன் பெருமையைப் பேசினேன். பிறகு அந்த ஒலி மெல்ல மெல்லப் பழைய ஒலியாக மாறியது. பிக்கப் மாட்டிய அன்று கம்பிகளையும் புதிதாக மாற்றியிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. பழைய பிக்கப்புகளைத் திரும்ப மாட்டி, புதுக் கம்பி கட்டி, ஒலி அளவைச் சமமாக வைத்துக் கேட்டபோது, நான் கொண்டாடியதில் பெரும்பங்கு கம்பிக்கும், புதிய பிக்கப் சற்று உரக்க ஒலித்ததற்கும் உரியது என்று தெரிந்தது. இரண்டு ஒலிகளில் ஒன்று இம்மியளவு உரத்திருந்தாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். எனவே எதை ஒப்பிட்டாலும் அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். பெடல்களை ஒப்பிட, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் ஒன்றை இரவல் வாங்கி, கிட்டாருக்கு அடுத்தபடி அதை வைத்து, ஒரு வரியைப் பதிவு செய்து ஓடவிடுங்கள். கையின் ஏற்ற இறக்கம் வழியிலிருந்து விலகிவிடும். மாறுவது பெடல் மட்டுமே.

உறக்கம் கெடுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குக் கிட்டார்க்காரர்களிடையே ‘காஸ்’ (Guitar Acquisition Syndrome என்பதன் சுருக்கம்) என்று ஒரு பெயரே உண்டு. ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவின் வால்ட்டர் பெக்கர் 1990களில் கிட்டார் வாங்கும் நோய் என்ற பொருளில் கேலியாக வைத்த பெயர் அது. நோயின் உச்சத்தைக் காண விரும்பினால் கிளான் சென்டார் பெடலைப் பாருங்கள். பில் ஃபின்னகன் என்பவர் 1990களில் கையால் கட்டி விற்றது. பழைய பெடல் ஒன்று இன்று சில லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது. பின்னாளில் அவர் வெளியிட்ட பெடலின் மேல், இந்த ஆரவாரம் என்னால் உண்டானதல்ல என்ற பொருளில் அவரே அச்சிட்டு வைத்தார். என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பதினொரு பெடல்கள். மேடைக்குப் போவது இரண்டு.

ஆசைப்படுவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளாக எட்டுக் கம்பி உள்ள வழக்கமான மாண்டலினை விட்டுவிட்டு, ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை அதில்தான் கொண்டுவர முடிந்தது. அவருக்கு எது வரவில்லை என்பது முதலில் தெரிந்திருந்தது, கருவி அதன் பின்னால் வந்தது. உங்களுக்கு வராதது எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் கேட்பது.

அந்த மாதத்தில் செய்யக்கூடியவை சில. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 10-46 தடிமன் கம்பிகளைக் கட்டுங்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஒருமுறை, ஐப்பசி மழை ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு மழையில் நனையும் நம் ஊரில், வியர்வையும் சேர்ந்து கம்பியைத் துருவாக்கிவிடும். வாசித்து முடித்ததும் துணியால் துடைக்காத கிட்டாருக்கு எந்தப் பிக்கப்பும் உதவாது. ஈரத்தில் நெக் வளைந்திருந்தால் நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கம்பியை மீட்டும் மெல்லிய பிக்கை விட்டுவிட்டு ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிக்கால் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். குயீன் குழுவின் பிரையன் மே ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார் என்பதை வெறும் விசித்திரமாக எண்ண வேண்டாம், கம்பியை முதலில் தொடும் பொருள் அதுதான். ஆம்பை நாற்காலியில் ஏற்றுங்கள், பெடலின் டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறைத்து மிடிலைக் கூட்டுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒலி மெலிந்தால், அந்த 18,000 ரூபாயைப் பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் உள்ள பழைய ஆம்ப் ஒன்றில் போடுங்கள். மிக்சரில் நேராகச் செருகுவது வழக்கம் என்றால், ஸ்பீக்கரின் சாயலைப் போலச் செய்து தரும் சிறிய பெடல் ஒன்றில் போடுங்கள், மீதிப் பணமும் கையில் நிற்கும்.

அதற்குப் பிறகும் லெஸ் பால் வகைக் கிட்டார் கனவில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், குறுகிய கம்பியின் இளக்கம் உங்கள் விரலுக்கு நிச்சயம் பிடிக்கும். கடைக்குப் போகும்போது உங்கள் ஆம்பையும் உங்கள் கேபிளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அவர்களுடைய பெரிய ஆம்பில் எல்லாக் கிட்டாரும் நல்ல கிட்டார்தான். அரை மணி நேரம் நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள், நான்கு கிலோவைத் தோள் தாங்குமா என்று அப்போது தெரியும். இன்னும் ஒன்று, ஒலியோடு நேரடியாகச் சம்பந்தப்படாவிட்டாலும் சொல்லாமல் விட முடியாது: கானமேளா மேடைகளில் எர்த் இல்லாத மின் இணைப்பு சாதாரணம். சிங்கிள் காயில் கிட்டாரில் கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குவது இயல்புதான், ஆனால் மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, எர்த்தைச் சரி செய்யும்வரை வாசிக்க மாட்டேன் என்று சவுண்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.